நிலாவெளி வேலைக்குப் போகுமுன் இந்தப் படத்தைப் பாருங்கள்

அண்ணா, 54 வயதில் கடையை மூடிவிட்டு நிலாவெளி விடுதியில் வரவேற்பு மேசைக்குச் சேர்ந்திருக்கிறேன், மகள் வயதுப் பிள்ளை மேலாளர், கணினியில் கை நடுங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். 2015இல் வந்த ‘தி இன்டர்ன்’ பாருங்கள். ராபர்ட் டி நீரோ 70 வயதில், இணையத்தில் உடுப்பு விற்கும் கம்பனிக்குப் பயிலுநராகப் போவார். சிரிப்புப் படம்தான், ஆனால் எல்லோரும் கண்டும் காணாமல் போன அந்தக் குப்பை மேசையை, யாரும் சொல்லாமலே விடிய வந்து ஒதுக்கி வைப்பாரே, அந்த இடத்தை இரண்டு தரம் பாருங்கள். நானும் 48 வயதில் உப்புவெளியில் இப்படித்தான் தொடங்கினேன். முன்பதிவு போடுவதைப் பக்கத்து மேசைப் பெடியனிடம் கேட்டு ஒவ்வொரு படியாகக் கொப்பியில் எழுதினேன், மூன்று கிழமையில் கொப்பி தேவைப்படவில்லை. அப்புறம், மேலாளரை ‘மகள்’ என்று கூப்பிடாதீர்கள், ‘மிஸ்’ என்றே சொல்லுங்கள்.