முதல் ரீலில் காத்திருந்தவள்

அன்புள்ள ஐயா,
‘16 வயதினிலே’ படத்தை அண்மையில் பார்த்தேன். மயில் ரயில் நிலையத்தில் காத்திருப்பதைத் தொடக்கத்திலேயே காட்டிவிட்டதால் முடிவு பாதி தெரிந்துவிடுகிறதே? ஒரு நாயகியை அறிமுகப்படுத்த இதுவா முறை? உங்களுக்குப் பிடித்த ஐந்து அறிமுகக் காட்சிகளையும் சொல்லுங்கள்.
ஒரு வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

அன்புள்ள நண்பருக்கு,

பட்டியல் போடும் வேலையை எனக்குத் தராதீர்கள். ஆனால் உங்கள் முதல் கேள்வி, சில நாள்களாக நானே அசைபோட்டுக்கொண்டிருந்த ஒன்றைத் தொட்டுவிட்டது.

அந்தப் படம் கடலூருக்கு வந்தபோது, மஞ்சக்குப்பத்தில் கடையைப் பூட்டிவிட்டு அப்பா என்னைச் சைக்கிளில் வைத்து மிதித்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்ச் சேர்வதற்குள் முதல் ரீல் போய்விட்டது. அதனால் நான் பார்த்த மயில், டீச்சராக வேண்டும், படித்த மாப்பிள்ளை வேண்டும் என்று கனவு கண்டபடி தன்னை நேசித்த வெள்ளந்தியான சப்பாணியை அருவருப்போடு விரட்டிய திமிர்க்காரி மட்டுமே. பட்டணத்துக் கால்நடை மருத்துவர் அவளை ஏமாற்றியபோதுகூட, ‘நன்றாக வேண்டும்’ என்றுதான் அந்தச் சிறுவயதில் நினைத்தேன்.

தொடக்கத்தோடு பார்ப்பவர் அப்படி நினைக்க முடியாது. ஒருவனுக்காகக் காத்துக்கிடப்பவளாக அவளை முதலில் அறிந்துவிட்டதால், பின்னோக்கி விரியும் கதையில் அவள் உதிர்க்கும் ஒவ்வோர் இளக்காரச் சொல்லும், பின்னாளில் அவளே நினைத்துக் கூசப்போகும் சொல்லாக நம் காதில் விழுகிறது. பதினாறு வயது மயிலுக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்திருக்கிறது. அந்த வயதின் அறியாமையை நாம் பொறுத்துக்கொள்வது அதனால்தான். முடிவு தெரிந்துவிட்டது என்கிறீர்களே, தெரிந்தது அவள் காத்திருக்கிறாள் என்பது மட்டும்தானே? நாயகனின் செருப்பில் தொடங்கிக் காலர் வழியாக முகத்துக்கு ஏறும் கேமராவுக்கே பழகிப்போன கண்ணை வைத்துக்கொண்டு இயக்குநர் பாரதிராஜாவிடம் குறை காணாதீர்கள். அந்தக் கேமரா அறிமுகப்படுத்துவது நடிகரை; அவரைத்தான் வாசலில் சுவரொட்டியிலேயே பார்த்துவிட்டோமே!

பல ஆண்டுகள் கழித்துப் புதுச்சேரியில் அதே படத்தை மறுபடி போட்டார்கள். அப்பாவை வற்புறுத்தி, அரை மணி நேரம் முன்னதாகவே அழைத்துப்போய் உட்காரவைத்தேன். மயில் ரயிலை எதிர்பார்த்து நின்றதும் அவர் என் பக்கம் சாய்ந்து, “கடைசியில வர்றது முதல்லயே வருதேடா, அன்னைக்கு நாம எங்க இருந்தோம்?” என்று கேட்டார்.

“கடையைப் பூட்டிக்கிட்டு இருந்தோம்ப்பா” என்றேன்.