சிப்பாயின் கழுத்து ஏன் ஒடிகிறது?

கேள்வி: என் மாமனார் கட்டில் கால், தொட்டில் கால் எல்லாம் கடைசல் பிடித்தவர். அவர் போன பிறகு லேத் சும்மா கிடக்கிறது. பண்ருட்டியில் எங்கள் கொல்லையில் ‘தானே’ புயலுக்குச் சாய்ந்த பலாவை அறுத்து அவர் அடுக்கி வைத்த பலகைகளும் இருக்கின்றன. செஸ் ஆடும் மகளுக்கு ஒரு செட் காய் கடைந்து கொடுக்க ஆசை. எட்டு சிப்பாய் முயன்றேன். ஐந்துக்குக் கழுத்து ஒடிந்தது, மிஞ்சிய மூன்றும் மூன்று விதம். "கையால் பதினாறும் ஒரே மாதிரி வராது, கடையில் வாங்கிக்கொள்" என்கிறார் கணவர். சரியா?
– ஒரு வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: சகோதரி, உங்கள் கணவர் சொல்வது பாதி சரி. நூல் பிசகாமல் பதினாறு வராது. ஆனால் பலகையில் அடுக்கினால் வித்தியாசம் கண்ணுக்குப் படாத பதினாறு வரும். அது போதும்.

முதலில் கழுத்து. மரத்தின் மேல் பழி போடாதீர்கள். மிருதங்கம் செய்கிறவர்கள் தேடிப் போகிற பண்ருட்டிப் பலா அது. 2011 டிசம்பரில் விழுந்தது, இத்தனை வருஷத்தில் நன்றாகவே காய்ந்திருக்கும். ஆனால் பலாவுக்கு ரேகை, அதாவது நார் ஓடும் வாக்கு, கொஞ்சம் முறுக்கிக்கொண்டு ஓடும். ஒடிந்த ஐந்தையும் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். முறிவு வழவழவென்று சரிவாக இருந்தால் ரேகைதான் காரணம்: கட்டையின் ரேகை நீளவாக்கில் போகாமல் பக்கவாட்டில் வெளியேறியிருக்கிறது. அப்படிப்பட்ட கட்டையை லேத்தில் ஏற்றுவதற்கு முன்பே ஒதுக்கிவிடுங்கள். முறிவில் நார் பிய்ந்து முள் முள்ளாக நின்றால் தப்பு மரத்தில் இல்லை, பிடித்த விதத்தில் இருக்கிறது.

மூன்று அங்குலக் கட்டில் காலை லேத்தின் இரு முனைகளுக்கு நடுவே எவ்வளவு இறுக்கினாலும் அது தாங்கும். சிப்பாய் தாங்காது. கழுத்து மெலிந்ததும், பின் முனையின் (மோட்டாருக்கு எதிர்ப்பக்க முனை) அழுத்தமே அதை வில்லாக வளைத்து ஒடித்துவிடும். கழுத்துக்கு வரும்போது பின் முனையைக் கால் சுற்று தளர்த்துங்கள். தலையைப் பின் முனைப் பக்கம் வைத்து, தலை, கழுத்து, பிறகு அடி என்று மோட்டார் பக்கமாக வாருங்கள். கடைகிற இடத்துக்குப் பின்னால் எப்போதும் தடித்த மரம் நிற்கும், அதிராது. அப்புறம் உளி. தூள் பறந்தால் உளி மழுங்கிவிட்டது என்று அர்த்தம்; தீட்டிய உளியில் சுருள் சுருளாகச் சீவல் வரும். மழுங்கிய உளியை அழுத்தித் தள்ளும் கைதான் கழுத்தை ஒடிக்கிறது. உங்கள் கழுத்து பென்சில் கனத்துக்குப் போயிருக்கும் என்று நினைக்கிறேன். முதல் செட்டுக்குப் பத்து மில்லிமீட்டருக்குக் கீழே இறங்காதீர்கள்.

இனி ஒரே மாதிரி வருவது. என் முதல் செட்டில் நான் தினம் ஒரு சிப்பாயாக முடித்தேன். கடைசியில் எட்டையும் நிறுத்தினால் பள்ளிக்கூடப் பிரேயர் வரிசை மாதிரி குட்டையும் நெட்டையுமாக நின்றன. நேற்றையக் காயைப் பார்த்துக் கண்ணளவில் இன்றையக் காயைக் கடைந்ததன் பலன்.

கண் மூன்றைத்தான் பிடிக்கும்: உயரம், அடியின் அகலம், தலையின் பருமன். நடுவில் வளையம் ஒரு மயிரிழை ஏறி இறங்கினால் யாரும் பார்க்கப்போவதில்லை. அதனால் இந்த மூன்றையும் கட்டிப்போடுங்கள். போட்டிகளுக்கு சர்வதேச செஸ் சம்மேளனமான ஃபிடே சொல்லும் அளவில் ராஜா 9.5 செ.மீ., சிப்பாய் 5 செ.மீ. உயரம். செஸ் பலகைக் கட்டத்தின் பக்க அளவு சிப்பாயின் அடியைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு இருக்க வேண்டும். 5 செ.மீ. கட்டத்துக்கு அடி 24 மில்லிமீட்டர் பொருத்தம். இதை அளக்க காலிப்பர் வாங்க வேண்டாம், மாமனாரின் ஸ்பேனர் பெட்டியைத் திறங்கள். 24 ஸ்பேனர் அடிக்கு, 14 தலைக்கு, 10 கழுத்துக்கு. லேத்தை நிறுத்தி, ஸ்பேனர் வாய் உரசாமல் நழுவி நுழைந்தால் அந்த அளவு முடிந்தது. உயரங்களை ஒரு அட்டைத் துண்டின் ஓரத்தில் கோடு போட்டு வைத்துக்கொண்டு, உருட்டிய ஒவ்வொரு கட்டையிலும் அதே கோடுகளைப் பென்சிலால் இறக்குங்கள். இருபது கடையுங்கள். நான்கைக் கழிக்கும்போது மனசு வலிக்காது.

ராஜாவிடம் இப்போதைக்குப் போகாதீர்கள். சிப்பாய்க்குப் பிறகு யானை. அதற்குக் கழுத்துத் தொல்லை கிடையாது. குதிரைக்கு அடி மட்டும்தான் லேத்தில் வரும், தலையைத் தனியாகச் செதுக்கி ஒட்ட வேண்டும். சதுரங்கக் காய்க்குப் பேர்போன அமிர்தசரஸ் பட்டறைகளிலேயே குதிரைக்கென்று தனிக் கைகள் உண்டு. நான்கு குதிரையையும் தெரிந்த தச்சரிடம் கொடுத்தால் கௌரவக் குறைச்சல் இல்லை.

லேத் பக்கம் போகும்போது துப்பட்டாவும் முந்தானையும் வேண்டாம். பின்னலைக் கொண்டையாக முடிந்து, வளையலைக் கழற்றி, தாலிச் செயினைச் சட்டைக்குள் போட்டு மேல் பட்டன் வரை மாட்டுங்கள். கையுறை கூடவே கூடாது, சுழலும் கட்டை அதைக் கையோடு இழுத்துக்கொள்ளும். உப்புத்தாளை விரலில் சுற்றாதீர்கள். கண்ணாடி, மாஸ்க் இரண்டும் கட்டாயம்.

கறுப்புக் காய்க்கு வேறு மரம் தேட வேண்டாம். பலாவின் மஞ்சளையே ஒரு பக்கத்துக்கு விட்டுவிடுங்கள். மற்றதுக்குக் கடுக்காய்த் தூளைக் கொதிக்கவைத்து வடிகட்டிப் பூசுங்கள். காய்ந்த பிறகு, துருப்பிடித்த ஆணியை ஒரு வாரம் வினிகரில் ஊறவைத்த தண்ணீரை மேலே தடவுங்கள். கண் முன்னாலேயே கறுக்கும். கலம்காரித் துணிக்குக் கறுப்பு ஏற்றுவதும் ஏறக்குறைய இப்படித்தான். ஆணி ஊறும் பாட்டில் மூடியை இறுக்காதீர்கள், உள்ளே வாயு சேரும். ஒடிந்த அந்த ஐந்தையும் அடுப்பில் போட்டுவிடவில்லையே? கறுப்பை முதலில் அவற்றில் பூசிப் பாருங்கள்.