சைக்கிளில் பள்ளிக்குச் செல்ல ஏற்ற பகுதி எது?

கேள்வி: எங்கள் மகளுக்கு 10 வயது, மகனுக்கு 8 வயது. விரைவில் வீடு மாற இருக்கிறோம். இருவரும் சைக்கிளிலேயே பள்ளிக்குச் சென்று வரக்கூடிய பகுதியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: பள்ளி எவ்வளவு தூரம் என்பதைவிட, வழியில் எத்தனை பெரிய சாலைகளைக் கடக்க வேண்டும் என்பதையே முதலில் பாருங்கள். மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் மிதிக்கும் பிள்ளைக்கு 2 கிலோமீட்டர் என்பது 10 நிமிடப் பயணம்தான்; ஆனால் இடையில் சிக்னல் இல்லாத நாற்சந்தி ஒன்று இருந்தால், 500 மீட்டரில் இருக்கும் பள்ளிகூட எட்டாத தூரமாகிவிடும்.

அடுத்தது வாகனங்களின் வேகம். வேகம் இரட்டிப்பானால், பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடி நிற்கும் தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். அதனால்தான் சாலைப் பாதுகாப்புக்கான உலக மாநாட்டில் 2020-இல் வெளியான ஸ்டாக்ஹோம் பிரகடனம், நடப்போரும் சைக்கிள் ஓட்டுவோரும் வாகனங்களோடு கலந்து செல்லும் இடங்களில் உச்சவேகம் மணிக்கு 30 கிலோமீட்டராக இருக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறது.

வீட்டை முடிவு செய்யும் முன், பள்ளி நடக்கும் ஒரு நாளில், மணி அடிப்பதற்கு அரைமணி நேரம் முன்னதாக, பிள்ளைகளோடு நீங்களும் அந்த வழியில் சைக்கிளில் சென்று பாருங்கள். இதை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். தெருமுனையில் மகனின் கண் உயரத்துக்குக் குனிந்து பார்த்தால், உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்த சாலை, ஓரமாக நிற்கும் ஒரு காரால் அவனுக்கு முழுவதுமாக மறைந்திருப்பது புரியும். பள்ளி வாசலில் சைக்கிள் நிறுத்துமிடம் நிறைந்திருந்தால், அது மிக நல்ல அறிகுறி. மகன் சிறியவன் என்பதால், தொடக்கத்தில் சில வாரங்களாவது பெரியவர் ஒருவர் உடன் செல்லட்டும்.