கேள்வி – பதில்: ஸ்பிரிங் புதுசு, ஷாக் பழசு

கேள்வி: 80,000 கி.மீ. ஓடிய சிறிய ஹேட்ச்பேக்கில், உயரத்தை 40 மி.மீ. குறைக்கும் காயில் ஸ்பிரிங் போட்டேன். ஷாக் அப்சார்பர் பழையதுதான். சின்னப் பள்ளத்தில்கூட முன்பக்கம் ‘டங்’கென்று இடிக்கிறது, வேகம் பிடித்தால் குதிக்கிறது. ஸ்பிரிங் மட்டமானதா?

பதில்: ஸ்பிரிங்கின் மேல் பழி போடாதீர்கள். வண்டி சும்மா நிற்கும்போதே ஷாக்கின் தண்டு ஏறத்தாழ 40 மி.மீ. உள்ளே போய்விட்டது. முன்பு அமுங்குவதற்கு 80 மி.மீ. இடம் இருந்திருந்தால் இப்போது பாதிதான் மிச்சம். அதுவும் தீர்ந்ததும், ஷாக் முழுதாக அமுங்காமல் தடுக்கும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப்பில் போய் முட்டுகிறது. உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு வழி: தூசி உறையைத் தூக்கிவிட்டு, தண்டின் அடியில் ஒரு பிளாஸ்டிக் டேகை நகரும் அளவு இறுக்கத்தில் கட்டுங்கள். வழக்கமான சாலையில் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். டேக் பம்ப் ஸ்டாப் வரை ஏறியிருந்தால் காரணம் இதுவேதான்.

குதிப்பது வேறு கதை. விறைப்பான ஸ்பிரிங் அதிக விசையோடு எழும்பும். அதை அடக்க வேண்டியது ஷாக். தேய்ந்த ஷாக்கால் முடியாது. அந்த ஸ்பிரிங்குக்கு ஏற்ற, தண்டு குட்டையான ஷாக் நான்கும் போடுங்கள். அதற்குப் பணம் போதாது என்றால், பழைய ஸ்பிரிங்கையே திரும்ப மாட்டி, சாதாரண ஷாக்கை மட்டும் புதிதாகப் போடுங்கள். வண்டி இதைவிட நன்றாகவே ஓடும்.

பம்ப் ஸ்டாப்பைக் கழற்றி எறிய மட்டும் வேண்டாம். ஷாக்குக்குள் இரும்போடு இரும்பு மோதி சீல் போய்விடும். ஸ்பிரிங் தயாரிப்பாளர் வெட்டச் சொல்லியிருந்தால், அவர் சொன்ன அளவுக்குத் தடித்த பக்கத்தில் வெட்டுங்கள். மெல்ல அமுங்கித் தாங்குவது கூம்பு முனைதான். அதில் கத்தி படக் கூடாது.

கேள்வி: இந்த வேலையை வீட்டிலேயே செய்யலாமா? எங்கே தவறு நடக்கும்?

பதில்: செய்யலாம். ஆனால் ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டில், அமுங்கிய ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் உச்சி நட்டு ஆளையே கொல்லக்கூடியது. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் இரண்டையும் எதிரெதிரே மாட்டி, மாற்றி மாற்றிச் சில சுற்றுகளாகக் கை ஸ்பேனரால் இறுக்குங்கள். ஸ்பிரிங் தட்டிலிருந்து விடுபட்டுக் கையால் அசைக்க வரும்வரை அந்த நட்டைத் தொடாதீர்கள்.

ஸ்ட்ரட்டை இறக்கும் முன் பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் ஒயரையும் கிளிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். பாரம் அவற்றில் தொங்கக் கூடாது. ஸ்ட்ரட்டின் உச்சியில் உள்ள டாப் மவுண்ட் பேரிங்கைச் சுற்றிப் பார்த்து, கரகரத்தால் அப்போதே மாற்றுங்கள். திரும்ப மாட்டும்போது ஸ்பிரிங்கின் நுனி தட்டில் உள்ள படியை ஒட்டி உட்கார வேண்டும். விரல் நுழையும் இடைவெளி விட்டிருந்தாலும் ஸ்டீயரிங் திருப்பும்போது ‘டக்’ சத்தம் வரும்.

பலர் விட்டுவிடுவது புஷ், அதாவது இணைப்புகளில் உள்ள ரப்பர் உருளை. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் போல்ட்டையும், பின்சக்கரங்களை இணைக்கும் பீமின் போல்ட்டையும் தளர்த்தி, வண்டியின் எடை முழுக்கச் சக்கரங்களில் நிற்கும்போது, மேனுவல் சொல்லும் டார்க்கில் (இறுக்க அளவில்) இறுக்குங்கள். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே பிடிபட்டு, சீக்கிரம் கிழியும். ஸ்பிரிங் படிந்த பிறகு வீல் அலைன்மென்ட் பாருங்கள்; உயரம் குறைந்தால் டோ (சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் கோணம்) மாறும், டயரின் உள்ஓரம் கரையும். ஹெட்லைட் கோணத்தையும் சரிபார்த்துவிடுங்கள்.

கேள்வி: வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் பின் ஆன்டி ரோல் பாரை 20 மி.மீ.லிருந்து 22 மி.மீ.க்கு மாற்றினால் என்ன தெரியும்? வெறும் 2 மி.மீ.தானே?

பதில்: உருண்டைத் தண்டின் முறுக்கு விறைப்பு, விட்டத்தின் நான்காம் அடுக்காக ஏறும். அந்த 2 மி.மீ. சுமார் 46 சதவீதம் கூடுதல் விறைப்பு. முன்சக்கர ஓட்ட வண்டி வளைவில் வெளியே இழுப்பது நன்றாகக் குறையும். அதே நேரம், ஈரச் சாலையில் வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரைத் திடீரென விட்டால் பின்பக்கம் வீசும். பின் டயர்கள் தேய்ந்திருந்தால் முதலில் அவற்றை மாற்றுங்கள், பார் அப்புறம்.