மகளுக்கு எந்த லேப் சரிப்படும்?

நரம்பியலில் பிஎச்.டி இடம் கிடைத்திருக்கும் மகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் இதுவரை யாரும் ஆராய்ச்சிப் பக்கம் போனதில்லை, அங்கே இவளை ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம் நியாயமானதுதான். பல்கலைக்கழகத்தின் பெயரை வைத்து இதைக் கணிக்க முடியாது. லேபுக்கு லேப் மாறும்.

சேருவதற்கு முன், அங்கே இப்போது படிக்கும் மாணவர்களிடம் கைடு இல்லாத நேரமாகப் பார்த்துப் பேசச் சொல்லுங்கள். 'எல்லாரும் நன்றாகப் பழகுவார்களா?' என்று கேட்டால் 'ஆமாம்' என்றுதான் வரும். கட்டுரையில் யார் பெயர் முதலில் என்பதை எப்போது முடிவு செய்கிறார்கள்? பாதியில் விட்டுப் போனவர்கள் யார், ஏன் போனார்கள்? மாநாட்டுச் செலவை லேபே நேரடியாகக் கட்டிவிடுமா, இல்லை கைக்காசைப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டுமா? இப்படிக் கேட்கட்டும்.

கடைசிக் கேள்வி சில்லறை விஷயமாகத் தோன்றும், ஆனால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். விமான டிக்கெட்டுக்கும் தங்கும் அறைக்கும் முன்பணம் போட வழியில்லாத மாணவி அதை வெளியே சொல்ல மாட்டாள். 'இந்த வருடம் வேலை அதிகம்' என்று ஒதுங்கிக்கொள்வாள். அங்கே கிடைத்திருக்க வேண்டிய அறிமுகமும், அதன் வழியாக வந்திருக்கக்கூடிய போஸ்ட்டாக் (பிஎச்.டி-க்குப் பிந்தைய ஆராய்ச்சிப் பணி) வாய்ப்பும் கூடவே போய்விடும்.

இன்னொன்று. தன்னைச் சேர்த்துக்கொள்வது ஏதோ சலுகை என்று அவள் நினைக்க வேண்டாம். வேறு பின்னணியிலிருந்து வருபவர்கள், மற்றவர்கள் கவனிக்காமல் விட்டதைக் கவனிப்பார்கள். மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. எலக்ட்ரோடுகள் அடர்ந்த சுருள்முடிக்காரர்களின் தலைத்தோலில் ஒழுங்காகப் படிவதில்லை. அதனாலேயே பலர் ஆய்வுகளில் விடுபட்டுப் போனார்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் படித்த ஆர்னெல் எட்டியென், தலையை ஒட்டிப் பின்னிய பின்னல்களுக்கு இடையே பிடித்து நிற்கும் எலக்ட்ரோடை உருவாக்கினார். அப்படிப்பட்ட முடியோடு வளர்ந்தவருக்கு அந்த யோசனை வந்ததில் ஆச்சரியமில்லை. சோதனை விலங்குகளிலும் ஒரு பாதியை விட்டுவிட்ட இதே கதைதான்: நரம்பியலில் ஆண் விலங்குகளை மட்டும் வைத்து நடந்த சோதனைகள், பெண் விலங்குகளை மட்டும் வைத்து நடந்தவற்றைப் போல் 5.5 மடங்கு இருந்ததாக 2011-இல் ஓர் ஆய்வு காட்டியது.

சரி, கைடு ஒருவரை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. 1961-இல் தொடங்கிய சர்வதேச மூளை ஆராய்ச்சி அமைப்பான இப்ரோ, இளம் ஆய்வாளர்களுக்குப் பயிற்சிப் பள்ளிகளும் பண உதவியும் தருகிறது. மூளை அறிவியலில் சமவாய்ப்புக்காகவே இயங்கும் ஆல்பா நெட்வொர்க் இருக்கிறது. 2020-இல் தொடங்கிய நியூரோமேட்ச் அகாடமியின் இணையவழிக் கோடைப் பள்ளியில் கட்டணம் நாட்டுக்கு நாடு மாறும். கணினி, கணித மாதிரிகள் வழியே மூளையை ஆராயும் கணிப்பியல் பக்கம் ஆர்வம் இருந்தால் சேருவதற்கு முன்பே அதை முடித்துவிடலாம்.

அப்புறம், கைடை மாற்றிக்கொள்ள அந்தத் துறையில் விதி இருக்கிறதா, மாற்றினால் உதவித்தொகை தொடருமா என்பதைச் சேருவதற்கு முன்பே அலுவலகத்தில் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.