பட்டியலில் 'இணைக்கப்பட்ட ஊர்', வீட்டில் நெட் இல்லை: எப்படிக் கணக்கெடுப்பது?

கேள்வி: எங்கள் ஊராட்சியில் ஆறு குக்கிராமங்கள். ஊராட்சி அலுவலகம் வரை ஃபைபர் கேபிள் வந்துவிட்டதால் அரசுப் பட்டியலில் நாங்கள் 'இணைக்கப்பட்ட ஊர்'. ஆனால் காலனியிலும் ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் இரண்டு ஊர்களிலும் மொட்டை மாடிக்குப் போனால்தான் சிக்னல். வீடு வீடாகக் கணக்கெடுத்து மனு கொடுக்கப் போகிறோம். கூகுள் ஃபார்ம் தயார். ஸ்பீடு டெஸ்ட் ஸ்கிரீன்ஷாட் போதுமா, வேறு என்ன கேட்க வேண்டும்? (திருவண்ணாமலை மாவட்ட வாசகர்)

பதில்: முதலில் அந்தக் கூகுள் ஃபார்மை எடுத்து வைத்துவிடுங்கள். நெட் இல்லாதவர்களைப் பற்றிய கணக்கெடுப்பை நெட் வழியாக நடத்தினால், யாரைத் தேடுகிறீர்களோ அவர்கள்தான் அதில் வரமாட்டார்கள். போனில் கேட்டாலும் இதே கதைதான், சொந்த போன் இல்லாத ஆள் விடுபட்டுப் போவார். நோட்டும் பேனாவுமாக நேரில் போங்கள்.

அடுத்தது, கணக்கை ஊராட்சி அளவில் கூட்டாதீர்கள். உங்கள் சிக்கலே அங்கேதான் இருக்கிறது. ஊராட்சிகளுக்கு ஃபைபர் கேபிள் கொண்டுவரும் மத்திய அரசின் பாரத்நெட் திட்டம் 2011-இல் வேறு பெயரில் தொடங்கியபோதே அதன் இலக்கு ஊராட்சித் தலைமை இடம்தான். அங்கே கேபிள் வந்தால் ஊராட்சி முழுவதும் வந்ததாகப் பதிவாகிவிடும். அமெரிக்காவிலும் பல வருடம் இப்படித்தான் நடந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் சின்னஞ்சிறு வட்டாரம் ஒன்றில் ஒரே ஒரு வீட்டுக்கு இணைப்பு கொடுக்க முடியும் என்று கம்பெனி சொன்னால் போதும், அந்த வட்டாரம் முழுவதற்கும் வசதி இருப்பதாக எழுதிக்கொண்டார்கள். ஆய்வாளர்களும் ஊர்க்காரர்களும் விடாமல் எதிர்த்ததில் 2020-இல் சட்டம் மாறியது. 2022 நவம்பரில் கட்டடம் கட்டடமாகக் காட்டும் வரைபடம் வந்தது, அது தவறென்றால் யாரும் மறுப்புத் தெரிவிக்கலாம். ஆக, நீங்கள் செய்யப்போவது சின்ன வேலை இல்லை. ஆறு குக்கிராமத்துக்கும் தனித்தனிப் பக்கம் போடுங்கள். காலனியை 'மேற்குத் தெரு', 'வடக்குத் தெரு' என்று எதிலும் கரைத்துவிடாமல் தனியாகக் காட்டுங்கள். மொத்தம் ஐந்நூறு வீட்டுக்குள் என்றால் ஒரு வீடும் விடாமல் போங்கள். அதற்கு மேல் என்றால் ஒவ்வொரு குக்கிராமத்திலும் ஐந்தாவது வீடு, ஐந்தாவது வீடு என்று எண்ணிப் போங்கள். கதவு பூட்டியிருந்தால் மாலையில் திரும்பப் போக வேண்டும். வேலைக்குப் போகிற வீடுதான் பகலில் பூட்டியிருக்கும்.

இனி கேள்விகள். "வீட்டில் நெட் இருக்கா?" என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் "இருக்கு" என்றுதான் பதில் வரும், ஏனென்றால் அப்பா கையில் ஒரு போன் இருக்கும். அந்த போன் காலை ஆறு மணிக்கு அவரோடு வேலைக்குப் போய் ராத்திரி எட்டு மணிக்குத் திரும்புகிறது என்றால், பிளஸ் ஒன் படிக்கும் மகளுக்கு அந்த வீட்டில் நெட் இல்லை என்றுதான் அர்த்தம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இந்தியக் கிராமங்களில் ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்திய ஆண்கள் 48.7 சதவீதம், பெண்கள் 24.6 சதவீதம். வீட்டை ஓர் அலகாக வைத்து எண்ணினால் இந்த இடைவெளி கண்ணில் படாது. அதனால் வீட்டிலிருக்கும் ஒவ்வொருவர் பெயருக்கும் நேராக ஒரு வரி எழுதுங்கள். பெண்களைப் பற்றிப் பெண்களிடமே கேளுங்கள், உங்கள் குழுவில் இருக்கும் அக்காக்களை அனுப்பிக் கேட்பது நல்லது.

நான் கட்டாயம் வைக்கச் சொல்லும் கேள்விகள் மூன்று. மாலை ஆறு முதல் ஒன்பது வரை போன் யார் கையில் இருக்கும்? போன தடவை ரீசார்ஜ் முடிந்தபின் எத்தனை நாள் போடாமல் இருந்தீர்கள்? வருமானச் சான்றிதழ், ஹால் டிக்கெட், பட்டா மாதிரி ஏதாவது ஒன்றை ஆன்லைனில் கடைசியாக எடுத்தது எங்கே, போய்வரவும் எடுக்கவும் எவ்வளவு ஆனது?

இரண்டாவது கேள்வியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். 28 நாள் பிளான் என்றால் வருடத்துக்குப் பன்னிரண்டு அல்ல, பதின்மூன்று தடவை பணம் கட்ட வேண்டும். கூலி வேலை செய்யும் வீட்டில் இரண்டு போன் இருந்தால், மாதக் கடைசியில் ஒன்றாவது நின்றுவிடும். டவர் ஃபுல்லாக இருந்தும் நெட் இல்லாத நாட்கள் அவை. இணைப்பு வசதியைச் சொல்லும் எந்த வரைபடத்திலும் அந்த நாட்கள் வராது. அடிப்படை இணையச் செலவு மாத வருமானத்தில் 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது ஐ.நா. பிராட்பேண்ட் ஆணையத்தின் அளவுகோல். அதை நாட்டின் சராசரி வருமானத்தை வைத்துப் பார்க்கிறார்கள். நீங்கள் அந்தந்த வீட்டு வருமானத்தை வைத்துப் பாருங்கள். பன்னிரண்டாயிரம் வருமானத்துக்கு 2 சதவீதம் 240 ரூபாய், அதுவும் வீடு முழுவதற்கும் சேர்த்து.

ஸ்பீடு டெஸ்ட் எடுக்கலாம், ஆனால் ஒரே ஒரு ஸ்கிரீன்ஷாட்டை வைத்துப் பேச முடியாது. ஒரே இடத்தில் காலை, மதியம், இரவு எட்டு மணி என மூன்று வேளை, குறைந்தது மூன்று நாள் எடுங்கள். வீட்டுக்குள் பிள்ளை உட்கார்ந்து படிக்கும் இடத்திலேயே எடுங்கள். டவுன்லோடு மட்டும் இல்லாமல் அப்லோடும் குறியுங்கள், ஆன்லைன் வகுப்பில் பேசவும் விண்ணப்பத்தில் போட்டோ ஏற்றவும் அதுதான் வேண்டும். அன்றைய டேட்டா தீர்ந்த போனில் எடுத்தால் பல பிளான்களில் வேகம் 64 கேபிபிஎஸ்-க்கு இறங்கியிருக்கும். அது டவரின் குறை இல்லை என்று அதிகாரி தள்ளிவிடுவார். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 'மைஸ்பீட்' செயலியில் எடுத்தால் மறுத்துப் பேசுவது கொஞ்சம் கடினம். அப்புறம், சோதனையும் டேட்டா தின்னும். அவர்கள் போனில் எடுக்காதீர்கள், உங்கள் சிம்மில் எடுங்கள். 2023 ஜனவரியிலிருந்து இந்தியாவில் பிராட்பேண்ட் என்று சொல்ல 2 எம்பிபிஎஸ் டவுன்லோடாவது வேண்டும். இரண்டு பிள்ளைகள் சேர்ந்து வீடியோ வகுப்பு பார்க்க அது போதாது என்றே நான் நினைக்கிறேன், ஆனால் மனுவில் வாதாட அந்தக் கோடு உதவும். அதற்குக் கீழே போன அளவுகளைத் தனியாக வட்டமிட்டுக் காட்டுங்கள்.

ஆதார் எண்ணோ போன் எண்ணோ வாங்க வேண்டாம். வீட்டுக்கு ஒரு வரிசை எண் போதும். மனுவோடு கொடுக்கும் தாளில் பெயர்கள் இருக்கக்கூடாது. யார் வீட்டில் ரீசார்ஜுக்குப் பணம் இல்லை என்பது ஊர் முழுக்கத் தெரிய வேண்டியதில்லை.

சரி, எங்கே கொடுப்பது? கலெக்டர் மனுநாளுக்குப் போவதற்கு முன் கிராம சபையில் வையுங்கள். அக்டோபர் 2, நவம்பர் 1, ஜனவரி 26 என்று வருடத்தில் ஆறு நாள் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற திருத்தப்பட்ட பாரத்நெட் திட்டத்தில், ஊராட்சித் தலைமை இடம் அல்லாத கிராமங்களுக்கும் கோரிக்கையின் பேரில் இணைப்பு தர வழி இருக்கிறது. அந்தக் கோரிக்கையாக உங்கள் தீர்மானம் நிற்க வேண்டும். "எங்கள் ஊராட்சிக்கு இணையம் வேண்டும்" என்று எழுதினால் ஏற்கெனவே இருக்கிறதே என்று பதில் வரும். குக்கிராமத்தின் பெயர், வீடுகளின் எண்ணிக்கை, ஊராட்சி அலுவலகத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர், அங்கே உள்ள பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை ஆகியவற்றைப் பெயர் சொல்லி எழுதுங்கள். தீர்மான நகலை மாவட்ட நிர்வாகத்துக்கும், மாநிலத்தில் இந்தப் பணியைப் பார்க்கும் தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகத்துக்கும் அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். பதில் வரவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இரண்டே விஷயம் கேளுங்கள்: ஊராட்சி அலுவலகத்துக்கு வந்த கேபிள் இப்போது வேலை செய்கிறதா, அதிலிருந்து எத்தனை வீட்டு இணைப்புகள் கொடுக்கப்பட்டிருக்கின்றன.

கணக்கெடுத்த நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இணைப்பு வந்து ஆறு மாதம் கழித்து அதே வீடுகளுக்குப் போய் அதே மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.