வர்ச்சுவல் அசிஸ்டன்ட் (ஆன்லைனிலேயே பிறரின் அலுவலக வேலைகளைச் செய்து தருபவர்): பல வேலை தெரிந்தால் என்ன லாபம்? கேள்வி பதில்

டேட்டா என்ட்ரி மட்டும் தெரியும். இன்னும் நாலு வேலை கற்றுக்கொண்டால் உண்மையிலேயே பயன் உண்டா? (பி.காம். பட்டதாரி, ஈரோடு)

உண்டு. ஆனால் அந்த நாலும் ஒரே சங்கிலியில் இருக்க வேண்டும். ஆன்லைனில் துணி விற்கும் ஒருவருக்கு ஆர்டர்களை ஷீட்டில் ஏற்றித் தருகிறீர்கள் என்று வையுங்கள். அதற்கு முந்தைய வேலை, வாட்ஸ்அப் விசாரணைக்குப் பதில் சொல்வது. அடுத்தடுத்த வேலைகள், டிராக்கிங் எண் அனுப்புவது, திரும்பி வந்த பார்சலைக் கணக்கில் கழிப்பது, மாதக் கடைசியில் பில்களை அடுக்கி ஆடிட்டருக்குக் கொடுப்பது. இவற்றை நாலு பேர் பார்த்தால், பார்சல் தொலைந்த அன்று யாரைக் கேட்பது என்றே கடைக்காரருக்குத் தெரியாது. ஒருவரே பார்த்தால் ஒரு போனில் முடிந்தது. கூடுதல் சம்பளம் அதற்குத்தான். சம்பந்தமில்லாமல் வீடியோ எடிட்டிங்கையும் சேர்த்துக்கொண்டால் பட்டியல்தான் நீளும்.

"இதையும் கொஞ்சம் பார்த்துடுங்க" என்றே வேலை ஏறுகிறது, காசு ஏறவில்லை. (மதுரை)

பல வேலை தெரிந்தவருக்கு வரும் தொல்லை இது. இரண்டு வாரம் ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் நேரத்தைக் குறித்து வையுங்கள். க்ளாக்கிஃபை போன்ற இலவசச் செயலி போதும். பிறகு மாதம் 40 மணி நேரம் என்பதுபோல ஒரு தொகுப்பாகப் பேசுங்கள். அதில் என்னென்ன அடங்கும், அதைத் தாண்டினால் மணிக்கு எவ்வளவு என்பதை மெயிலில் எழுத்தாக வாங்கிவிடுங்கள்.

கிளையன்ட் அனுப்பும் சிஎஸ்வி ஃபைலை (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணை ஃபைல்) எக்செலில் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் கிறுக்கலாகின்றன. எண்களின் முன்னால் இருந்த 0-வையும் காணோம். (கோவை)

டபுள் க்ளிக் செய்து திறப்பதுதான் கோளாறு. வெற்று எக்செலைத் திறந்து, டேட்டா மெனுவில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியாகக் கொண்டுவாருங்கள். ஃபைல் ஆரிஜின் என்ற இடத்தில் 65001 யூனிகோட் யூடிஎஃப்-8 தேர்ந்தெடுத்தால் தமிழ் சரியாக வரும். 'டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா' அழுத்தி, போன் எண், பின்கோடு, ஆர்டர் எண் பத்திகளை 'டெக்ஸ்ட்' ஆக்குங்கள். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் காக்கும். 16 இலக்க ஆர்டர் எண்ணின் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் 0 ஆகிவிடும். அப்படியே சேவ் செய்துவிட்டால் அந்த ஃபைலிலிருந்து மீட்க வழியில்லை. அதனால் மூல ஃபைலைத் தொடாமல், நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். தேதியிலும் கண் வையுங்கள்: 03/04 நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4.

நியூயார்க் கிளையன்ட்டின் வாராந்திர மீட்டிங் திடீரென ஒரு மணி நேரம் தள்ளிப்போனது ஏன்? (நெல்லை)

அங்கே கடிகாரத்தை மாற்றியிருப்பார்கள். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை நாம் 9.30 மணி நேரம் முன்னால் இருக்கிறோம். மற்ற மாதங்களில் 10.30. லண்டனில் மாற்றுவது மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில். இடைப்பட்ட நாட்களில் இரண்டு ஊர்க்காரர்களையும் ஒரே அழைப்பில் சேர்க்கும்போது கவனம். கேலண்டரில் மீட்டிங்கைக் கிளையன்ட்டின் ஊர் நேரத்தில் பதியுங்கள். மாற்றத்தை அதுவே பார்த்துக்கொள்ளும்.

மெயில் பார்க்கச் சொல்லி ஜிமெயில் பாஸ்வேர்டையே தருகிறார். வாங்கலாமா? (சேலம்)

வேண்டாம். நீங்கள் உள்ளே போகும்போதெல்லாம் ஓடிபி அவர் போனுக்குப் போகும். நாளை ஏதாவது தவறினால் பழி உங்கள் மேல் விழும். கணினியில் ஜிமெயில் செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ் பகுதியில் 'கிராண்ட் ஆக்சஸ் டு யுவர் அக்கவுன்ட்' என்று இருக்கும். அங்கே உங்கள் ஜிமெயில் முகவரியை அவர் சேர்க்கட்டும். வரும் அழைப்பை ஒரு வாரத்துக்குள் ஏற்க வேண்டும். நடைமுறைக்கு வர 24 மணி நேரம் வரை ஆகலாம். மெயில் படிக்கலாம், அனுப்பலாம், அழிக்கலாம். பாஸ்வேர்டை மாற்ற முடியாது.

ஜிஎஸ்டி எப்போது? (திருச்சி)

சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பதிவு கட்டாயம். வெளிநாட்டு வரவும் இந்தக் கணக்கில் சேரும். பதிவு செய்தபின் வெளிநாட்டுக் கிளையன்ட்டுக்கு வரி கட்டாமல் பில் போட எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டுக்கும் அதைப் புதிதாகப் போட வேண்டும். ஏப்ரலில் பலர் மறப்பது இதைத்தான்.